இளவரசர் வீதியில் ஒரு பழைய மாளிகை

கொழும்புப் புறக்கோட்டைக்குச் செல்பவர் எவரும் கட்டடங்களைப் பார்ப்பதற்காகச் செல்வதில்லை. துணி வாங்கவும், சரக்குக் கொள்ளவும், பேருந்து பிடிக்கவும் செல்கின்றனர். தலையில் மூட்டையுடன் விரையும் சுமைகாரருக்கும், கைவண்டிகளுக்கும், விலை கூவும் குரல்களுக்கும் இடையே நடப்பவர், தம் காலுக்கு முன்னுள்ள நாலடி நிலத்தை அன்றி வேறெதனையும் நோக்குதற்கு இடமில்லை. ஆயினும், பிரின்ஸ் வீதி எனப்படும் இளவரசர் வீதியிலே ஒருகணம் தலை நிமிர்வோமாயின், வரிசையாகக் கொழுத்த தூண்கள் தாங்கிநிற்க, ஓட்டுக்கூரை கவிந்த பழைய மாடிவீடொன்று நம்முன் நிற்கக் காண்போம். சுற்றிலுமுள்ள கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே அது வேறோர் உலகத்தினின்று வழிதவறி வந்ததுபோலத் தோன்றும்.

இதனை ‘ஒல்லாந்தர் நூதனசாலை’ என்பர். பெயரைக் கேட்டவுடன், ‘இது அந்நியர் இருந்த வீடு, இதில் நமக்கென்ன?’ என்று பலர் அப்பாற் செல்வர். அவ்வாறு செல்வது நியாயமன்று. இம்மாளிகையின் கதையிலே தமிழுக்கும் ஒரு பங்குண்டு. தமிழ் உரைநடை, தமிழ் அச்சு, தமிழ்ப் புலவரின் நட்பு ஆகிய மூன்றும் அதனோடு பிணைந்துள்ளன. அப்பங்கினை அறியாதிருப்போமாயின், நம் முன்னோர் வீட்டையே பிறர் வீடென்று கருதிக் கடந்துசெல்வோர் ஆவோம்.

புறக்கோட்டையின் பிறப்பு

ஊர்ப்பெயர்கள் சில வேளைகளில் ஏடுகளைவிட உண்மை பேசும். புறக்கோட்டை என்னும் பெயரிலேயே அதன் வரலாறு அடங்கியிருக்கின்றது. கோட்டைக்குப் புறத்தே இருந்தமையால் அது புறக்கோட்டை.

போர்த்துக்கேயர் காலத்திலே கொழும்பின் மதிலுக்குள் அடங்கியிருந்த நகரம் பெரியது. 1656ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழ ஏழு மாத முற்றுகையின்பின், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பட்டினியாலும் நோயாலும் நலிந்த நகரமே அவர்கள் கையிற் கிடைத்தது. அத்துணைப் பெரிய மதிலைக் காப்பதற்கு ஆட்பலம் போதாதென்று கண்ட ஒல்லாந்தக் கொம்பனியார், கடலோரமாயிருந்த மேற்குப் பகுதியை மட்டும் அரண்செய்து கோட்டையாக்கிக்கொண்டு, கிழக்குப் பகுதியைப் ‘பழைய நகரம்’ எனப் பிரித்துவிட்டனர். அப்பழைய நகரமே நாம் அறிந்த புறக்கோட்டை.

இன்று வணிகர்க்கே உரியதாய்த் தோன்றும் இவ்விடம் அன்று குடியிருப்புப் பகுதி. கொம்பனி உத்தியோகத்தரும், அவர்தம் குடும்பத்தினரும், பறங்கியரும் இங்கு வீடமைத்து வாழ்ந்தனர். நேர்கோடாக ஓடிய வீதிகளின் இருமருங்கிலும் தூண் நிரைத்த திண்ணைகள், உள்ளே முற்றம், முற்றத்திலே கிணறு, கிணற்றருகே மரநிழல். கெய்சர் வீதி என்னும் பெயரிலே அக்காலத்து ஒல்லாந்த மொழி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

இவ்வாழ்வின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அவ்வீடுகளிற் சமைத்தும், நீரிறைத்தும், பல்லக்குச் சுமந்தும் உழைத்தவர் அடிமைகள். பொழுது சாய்ந்ததும் அவர்களை ஏரி நடுவிலிருந்த ஒரு நிலத்திற்கு அனுப்பிக் காவல்செய்தனர். ஆங்கிலத்திலே அவ்விடத்துக்கு அடிமைத்தீவு என்று பெயர் நிலைத்தது. தமிழர் அதனைக் கொம்பனித்தெரு என்றனர். அடிமையைப் பெயரில் வைத்தது ஒரு மொழி. அடிமைப்படுத்தியவனைப் பெயரில் வைத்தது மற்றொரு மொழி.

மாளிகையும் அதன் அமைப்பும்

இளவரசர் வீதி மாளிகை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிற் கட்டப்பட்டது. 1692 முதல் 1697 வரை இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த தோமஸ் வான் றீ என்பவரின் இல்லமாக அது இருந்தது என்பது நூதனசாலையின் வரலாறு கூறும் செய்தி. தேசாதிபதியின் இல்லம் என்றதும் அரண்மனையை எண்ணவேண்டா. ஒல்லாந்தர் வணிகர், கணக்குப் பார்த்துச் செலவிடுபவர். ஆகவே பொலிவைக் காட்டிலும் உறுதியையே இவ்வீட்டிற் காண்கின்றோம்.

வீதியை நோக்கிய முகப்பிலே தூண்வரிசை. அதனைக் கடந்தால் உயர்ந்த கதவுகள். வெப்பத்தை உள்ளே விடாத தடித்த சுவர்கள். பெருமரங்களை அறுத்து இட்ட உத்தரங்கள். மேன்மாடத்துக்கு ஏறும் அகன்ற மரப்படிக்கட்டு. பின்புறத்தே நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றமும் கிணறும். வீதியின் இரைச்சல் இம்முற்றத்தை எட்டுவதற்குள் தேய்ந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிற் பிறந்து வளர்ந்த ஒருவர் இம்முற்றத்தில் நின்றால், தாம் அறியாத இடத்தில் நிற்பதாக எண்ணமாட்டார். நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மழைநீர் ஓடிவிழும் ஓட்டுச் சரிவு. குளிர்நாட்டிலிருந்து வந்தவர், இந்நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப வீடமைக்க இந்நாட்டு வழிமுறைகளையே நாடவேண்டியதாயிற்று. கல்லறுத்தோரும், மரம் இழைத்தோரும், சுண்ணாம்பு குழைத்தோரும் இம்மண்ணின் தொழிலாளரும் அடிமைகளுமே. எனவே இதனை ஒல்லாந்தர் வீடு என்பது ஓரளவுக்கே பொருந்தும்.

கலாசாலையும் தமிழும்

தேசாதிபதியின் காலத்தின்பின் இவ்வீடு பல வேடம் பூண்டது. அவற்றுள் நமக்கு முதன்மையானது கலாசாலை வேடம். 1696ஆம் ஆண்டிலே கொழும்பில் ‘செமினறி’ எனப்படும் சமயக் கலாசாலை தொடங்கிற்று. 1796 வரையிலான நூறாண்டுக் காலத்திலே அக்கல்விப் பணி இம்மாளிகையில் நிகழ்ந்ததாக நூதனசாலையின் வரலாறு உரைக்கின்றது.

கலாசாலையின் நோக்கம் வெளிப்படையானது. தம் சீர்திருத்தக் கிறிஸ்தவ சமயத்தைச் சிங்களவரிடையேயும் தமிழரிடையேயும் பரப்புதற்கு அவ்வம் மொழி பேசும் போதகர்களையும் உபதேசிமாரையும் உருவாக்குவதே கொம்பனியின் விருப்பம். அக்காலத்துச் சட்டங்கள் ஏனைச் சமயத்தவரை நெருக்கின. சைவரும், பௌத்தரும், முஸ்லிம்களும், கத்தோலிக்கரும் இடர்ப்பட்டனர். பதவி வேண்டியும் காணி வேண்டியும் பெயருக்குச் சமயம் மாறியோர் பலர். இதனை மறந்து அக்கல்வியைப் புகழ்வது முறையன்று. ஆயின், ஒருவர் ஒரு நோக்கத்தோடு திறந்த கதவினூடே வேறு பல நன்மைகளும் நுழைந்துவிடுவதுண்டு. வான் இம்மோவ் தேசாதிபதியின் காலத்திலே (1736–1740) கலாசாலைக் கல்வி உயர்ந்தது. கிரேக்கமும் இலத்தீனும் கற்பிக்கப்பட்டன. சிறந்த மாணவர் கடல்கடந்து ஒல்லாந்துப் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர்.

அதே காலத்திற் கொழும்பில் அச்சகமும் எழுந்தது. 1737ஆம் ஆண்டு முதற் சிங்கள நூல் அங்கு அச்சேறியது. தமிழ் அச்சுக்கு அப்போது வயது முதிர்ந்திருந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பெற்றமையைத் தமிழ் மாணவர் அறிவர். தரங்கம்பாடியிலே சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. அவ்வழியிலே கொழும்பும் சேர்ந்துகொண்டது. அதற்குக் காரணராயிருந்தவர் கொழும்புத் தமிழர் ஒருவர். பிலிப்பு தெ மெல்லோ என்பது அவர் பெயர்.

பெயரைக் கொண்டு அவரைப் போர்த்துக்கேயர் என எண்ணற்க. அவர் முதலியார் குடும்பத்திற் பிறந்த தமிழர். 1723இல் கொழும்பிற் பிறந்து, கொழும்புக் கலாசாலையிலே பயின்று, 1750இற் குருப்பட்டம் பெற்றவர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம் ஆகிய மொழிகளிற் பயிற்சியும் தமிழிலே புலமையும் ஒருங்கே வாய்ந்தவர். கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759ஆம் ஆண்டு கொழும்பில் அச்சாயிற்று.

இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. தமிழிலே அக்காலம் வரை பெருநூல்கள் செய்யுளாகவே இயன்றன. உரைநடை பெரும்பாலும் உரையாசிரியர் கைக்கருவியாக இருந்தது. நீண்டதொரு நூலை, கதையும் உவமையும் வாதமும் கடிதமும் விரவியதொன்றை, பாமரரும் கேட்டுணருமாறு உரைநடையில் நிறுத்துவது எளிய செயலன்று. எந்தச் சொல்லை வைப்பது, வடசொல்லா தமிழ்ச்சொல்லா, வழக்கா செய்யுள் நடையா என்னும் வினாக்கள் வரிதோறும் எழுந்திருக்கும். பின்னாளிலே பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், தமிழ் வசனநடைக்கு எத்துணைத் தொண்டு செய்தார் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். அவ்வழியில் முன்னரே நடந்தவர்களுள் ஒருவர் தெ மெல்லோ. நாவலரைப் போற்றும் நாம் இவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

அவரை மறவாமல் நமக்கு அறிமுகஞ் செய்தவர் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860). 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘தமிழ்ப் புளுட்டாக்’ என்னும் அவரது ஆங்கில நூல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துரைப்பது. அவ்வரிசையிலே தெ மெல்லோவையும் ஒரு புலவராகவே அவர் வைத்தார். பாதிரியார் என ஒதுக்கினாரில்லை.

இங்கே ஒரு நட்பின் செய்தியையும் சொல்லவேண்டும். காஞ்சிபுரத்திற் பிறந்து யாழ்ப்பாணம் வந்து வாழ்ந்த கூழங்கைத் தம்பிரான், நன்னூலுக்கு உரை செய்த சைவப் பேரறிஞர், 1795இல் மறைந்தவர். அவர் விவிலியத்து யோசேப்பின் கதையைப் பொருளாகக் கொண்டு ‘யோசேப்பு புராணம்’ என்னும் நூலை இயற்றித் தம் நண்பராகிய தெ மெல்லோவுக்கு உரித்தாக்கினார் என்பது இலக்கிய வரலாறு. சைவத் துறவி ஒருவர் கிறிஸ்தவக் கதையைப் புராணமாகப் பாடுகின்றார். கொம்பனியின் சம்பளம் பெற்ற குருவானவர் அதனை ஏற்றுக்கொள்கின்றார். அவர்களைச் சேர்த்துவைத்தது தமிழ். சட்டங்கள் சமயத்துக்குச் சமயம் வேலி கட்டிய காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது அதன் அருமை தெரியும்.

தெ மெல்லோ பிற சமயத்தவரோடு வாதிட்டதும் உண்டு. கத்தோலிக்கரை மறுத்து நூலெழுதியவர் அவர். நட்பும் வாதமும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. 1790இல் அவர் காலமானார்.

ஒண்டாச்சி குடும்பம்

கொழும்பு ஒல்லாந்தருடன் கொண்ட தொடர்பு தமிழ்க் குருதியுடைய ஒருவரை ஐரோப்பிய அரசியற் களத்திலேயே நிறுத்தியது. தஞ்சையிலிருந்து 1659இல் தேசாதிபதியின் மனைவிக்கு மருத்துவஞ் செய்ய வந்த வைத்தியர் ஒருவரைத் தம் குலமுதல்வராகக் கூறும் குடும்பம் ஒண்டாச்சி குடும்பம். அக்குடும்பத்திலே வில்லெம் யூரியான் ஒண்டாச்சி என்பவர் கொழும்பிற் சமயகுருவாகப் பணிபுரிந்தார். அவர் மைந்தர் குவின்ற் ஒண்டாச்சி. 1758இற் கொழும்பிற் பிறந்து, இளமையிலேயே கல்விக்காக ஒல்லாந்து சென்றவர்.

அங்கே அவர் கல்வியோடு நிற்கவில்லை. 1780களிலே ஒல்லாந்தில் இளவரசரின் அதிகாரத்தை எதிர்த்துக் குடிமக்கள் உரிமைக்காக எழுந்த ‘தேசபக்தர்’ இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராய் ஊத்திரெக்ட் நகரிலே முன்னின்றார். 1787இல் பிரசியப் படை புகுந்து அவ்வியக்கத்தை அடக்கவே, பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். இரண்டாண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1818இல் அவர் பத்தாவியாவில் இறந்தார். கொழும்பிலே கொம்பனி ஆட்சியின் நிழலிற் பிறந்த ஒருவர், அக்கொம்பனியின் தாய்நாட்டுக்கே சென்று குடியுரிமை பேசினார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

அக்குடும்பப் பெயரை இன்று உலகறியச் செய்தவர், 1943இற் கொழும்பிற் பிறந்து கனடாவிற் குடியேறிய எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி. தம் குடும்ப வரலாற்றைத் தேடி இலங்கை வந்து அவர் எழுதிய ‘றன்னிங் இன் த ஃபமிலி’ 1982இல் வெளிவந்தது. இளவரசர் வீதி மாளிகை நூதனசாலையாகத் திறக்கப்பெற்றதும் அதே ஆண்டிலேதான்.

அயலும் கோயில்களும்

மாளிகையை விட்டு வெளியே வந்து, பிரதான வீதி வழியே கிழக்கே நடந்தால், 1873இல் எழுந்த பழைய நகர மண்டபத்தை அடைகின்றோம். 1928இல் புதிய மண்டபம் எழும்வரை கொழும்பு நகரசபையின் இருப்பிடம் இதுவே. இவ்விடத்துக்குக் காய்மன் வாயில் என்று பெயர். காய்மன் என்பது முதலையைக் குறிக்கும் சொல். அக்காலத்து நகர வாயிலின் அகழியிலே முதலைகள் கிடந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். அங்குள்ள மணிக்கோபுரத்தின் மணி கோட்டையிலிருந்த போர்த்துக்கேயர் தேவாலயத்தின் இடிபாட்டிலிருந்து வந்தது. இங்கே கோட்டை என்றது சிங்கள மன்னரின் பழைய தலைநகரை.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் உல்வெண்டால் தேவாலயம். 1749இல் அத்திவாரமிட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்ற இக்கோயில் சிலுவை வடிவானது. சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடிப் பருமன். கோட்டையிலிருந்த பழைய ஒல்லாந்தத் தேவாலயத்தின் கல்லறைக் கற்கள் 1813இல் இங்குக் கொணரப்பட்டன. உல்வெண்டால் என்றால் ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் ஏது? முன்னர் இவ்விடத்தே போர்த்துக்கேயர் குவாதலூப்பே மாதாவுக்கு ஒரு கோயில் எடுத்திருந்தனர். அப்பெயர் வாய்க்கு வாய் திரிந்து ‘ஓநாயின் நீர்’ எனப் பொருள்படும் ‘ஆகுவா தெ லூப்போ’ ஆயிற்றாம். அதனைக் கேட்ட ஒல்லாந்தர் தம் மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு எனப் பெயர்த்துக்கொண்டனராம். தேவமாதா ஓநாயான கதை இது.

கடற்பக்கமாகத் திரும்பினால் கொச்சிக்கடை. கத்தோலிக்க வழிபாடு ஒல்லாந்தரால் தடுக்கப்பட்டிருந்த காலத்திலே கொச்சியிலிருந்து வந்த குருவானவர் ஒருவர், வணிகர் வேடத்தில் மறைந்திருந்து மீனவரிடையே பணிசெய்தார் என்பது அந்தோனியார் திருத்தலத்தின் மரபுக் கதை. கலாசாலையிலே அரசின் ஆதரவோடு ஒரு போதனை. அதற்கு ஒருநடைத் தூரத்திலே கடற்கரைக் குடில்களில் மறைவாக ஒரு போதனை. அரசின் கட்டளையால் மக்கள் மனத்தை ஆளமுடியாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. இன்று அத்தலத்திற்கு எல்லாச் சமயத்தவரும் செல்கின்றனர். 2019 ஏப்பிரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று அங்கு நிகழ்ந்த குண்டுவெடிப்பிலே வழிபட வந்தோர் பலர் உயிரிழந்தனர். சில வாரங்களிலேயே மக்கள் மீண்டும் அங்குச் சென்று விளக்கேற்றினர்.

அதே கொச்சிக்கடையில் எழுந்து நிற்கின்றது பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவிய அதனை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லினாற் புதுக்கினார். செட்டியார் தெருவிலோ, நகரத்தார் எழுப்பிய பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். அங்கிருந்து ஆடிவேல் தேர் தெற்கே பம்பலப்பிட்டிப் பக்கம் செல்லும்போது, வடகொழும்பும் தென்கொழும்பும் ஓரூராகிவிடும். இளவரசர் வீதிக்கு அண்மையிலே, இரண்டாம் குறுக்குத் தெருவில், 1908-09இல் எழுந்த சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் சிவப்பும் வெள்ளையுமாய் விளங்குகின்றது. கொட்டாஞ்சேனையில் லூசியாள் பேராலயத்தின் குவிமாடமும் தீபதுத்தாராம விகாரையும் அடுத்தடுத்து நிற்கின்றன. அரை நாளிலே காலால் நடந்து காணத்தக்க இச்சிறு வட்டத்துக்குள் இத்தனை சமயங்களின் வரலாறு அடங்கியிருக்கின்றது.

கந்தோர் ஆன மாளிகை

மாளிகைக்குத் திரும்புவோம். 1796 பெப்ருவரியிலே கொழும்பு ஆங்கிலேயர் கைப்பட்டது. அதன்பின் படையினரின் மருத்துவமனையாகவும், பொலிசாரின் பயிற்சிக்கூடமாகவும் அது பயன்பட்டது. இறுதியிலே புறக்கோட்டைத் தபாற் கந்தோர் ஆயிற்று. கந்தோர் என்னும் சொல்லே ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொல். வீட்டைக் கட்டியவர் போய்விட்டனர். அவர்தம் சொல்லோ அவ்வீட்டின் புதிய பெயராக வந்து அமர்ந்தது.

பறங்கியர் குடும்பங்கள் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நகர்ந்தன. வீடுகள் பண்டகசாலைகளாயின, திண்ணைகள் கடைகளாயின. அயலிலிருந்த இதனையொத்த வீடுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. இது மட்டும் எஞ்சியதற்கு அழகு காரணமன்று, பயன்பாடே காரணம். அரசாங்கத்துக்கு ஒவ்வொரு காலத்திலும் இது ஏதோவொரு வேலைக்கு உதவிற்று. ஆயினும், 1970களின் தொடக்கத்திலே வீதியோரச் சுவரின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தபோது, இதற்கும் முடிவு வந்ததென்றே தோன்றிற்று. அந்நிலையிற் சிலர் இதனைக் காக்க முனைந்தனர். இலங்கை அரசும் ஒல்லாந்து அரசும் ஒத்துழைக்க, 1977இல் தொடங்கிய புனரமைப்பு 1981இல் நிறைவெய்தியது. 1982இல் நூதனசாலை திறக்கப்பெற்றது. ஒல்லாந்தர் காலத்து நாணயங்களும், மரத்தளபாடங்களும், மட்கலங்களும், கல்லறைக் கற்களும் அங்கு வைக்கப்பெற்றன.

இவ்வாண்டுகளைத் தமிழர் வேறொரு காரணத்தால் மறக்கமாட்டார். கொழும்பிலே இம்மாளிகையின் ஓடுகள் ஒவ்வொன்றாய்ச் செப்பமுற்ற அதே 1981இல், மே 31ஆம் நாள் இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூதனசாலை திறந்து ஓராண்டு கழிந்தவுடன், 1983 யூலையில், இதனைச் சூழ்ந்த புறக்கோட்டையிலே தமிழர் கடைகள் தீக்கிரையாயின. வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. பலர் உயிர் துறந்தனர். எண்ணற்றோர் அகதிகளாய்க் கப்பலேறினர். முன்னூறாண்டுப் பழமையுடைய அந்நியர் வீடொன்றைப் பொறுமையோடு காக்க அறிந்த ஒரு நாடு, அதே வேளையில் தன் குடிகளின் வீட்டையும் ஏட்டையும் காக்கத் தவறியது. இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் பக்கங்கள்; ஒன்றைப் படிப்பவர் மற்றதையும் படிக்கவேண்டும்.

எழுதப்படாத வீடுகள்

மாளிகையின் கதையிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கட்டடம் எஞ்சினாலும் கதை எஞ்சுவதில்லை என்பதே. இளவரசர் வீதி வீடு செவ்வனே காக்கப்பட்டது. ஆனால் அதனைக் காணச் செல்லும் தமிழ் மாணவருள் எத்தனை பேர் தெ மெல்லோவின் பெயரைக் கேட்டிருப்பர்? கூழங்கைத் தம்பிரானின் நட்பை அறிந்தோர் எத்தனை பேர்? நாற்காலியும் பீங்கானும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. மொழிக்கு அங்ஙனம் பேழை கிடையாது. கற்றோர் சொல்லிச்சொல்லியே அதனைக் காத்தல்வேண்டும்.

மறுபுறத்தே, கதை இருந்தும் கட்டடம் இல்லாத நிலை பெருகி வருகின்றது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நூறாண்டு கடந்த நினைவுச்சின்னங்களைக் காக்க வழிசெய்கின்றது. ஆயின் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும், வெள்ளவத்தையின் கடலோரக் குறுக்குத் தெருக்களிலும் நின்ற சாதாரண வீடுகளை அச்சட்டம் எங்ஙனம் காக்கும்? ஊரிலிருந்து உத்தியோகம் தேடி வந்த எழுதுவினைஞர் குடியிருந்த வீடு, மாலையில் நாடக ஒத்திகை நடந்த ஜிந்துப்பிட்டி மாடி, 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் தொடக்ககால அன்பர்கள் கூடிப் பேசிய திண்ணை ஆகியவற்றுக்கு நினைவுக்கல் இல்லை. அவற்றின் இடத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. மாடிகள் எழுவதைத் தடுக்கவேண்டும் என்பது நம் வாதமன்று. மக்களுக்கு இருப்பிடம் வேண்டும். இடிப்பதற்குமுன் எழுதிவைக்கலாமே என்பதுதான் நம் வேண்டுகோள்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவரும் மாணவர் பதின்மரும் போதும். காலையில் இளவரசர் வீதியில் தொடங்கி, காய்மன் வாயில், உல்வெண்டால், ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு, கொச்சிக்கடை என நடந்து, கொட்டாஞ்சேனையில் முடிக்கலாம். வீட்டு முகப்பிற் பொறித்த ஆண்டையும் பெயரையும் குறித்துக்கொள்ளலாம். கோயிற் கல்வெட்டுக்களையும், தேவாலயத்துக் கல்லறைகளையும் படியெடுக்கலாம். முதியோரிடம், ‘இவ்விடத்தில் முன்னர் என்ன இருந்தது, ஐயா?’ என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதலாம். பள்ளிச் சஞ்சிகையிலே அவற்றை அச்சிடலாம். 1859இல் காசிச்செட்டி தம் காலத்துச் செய்திகளைத் தொகுத்து வைத்திராவிடின், தெ மெல்லோவைப் பற்றி இன்று நாம் அறிவது மிகச் சொற்பமாயிருக்கும். ஒரு மனிதர் தம் ஓய்வு நேரத்திற் செய்த பணி அது.

அடுத்த முறை புறக்கோட்டைக்குச் செல்லும் அன்பர்கள் துணி வாங்கிய கையோடு அத்தூண்வரிசையின்முன் சிறிது நிற்பாராக. தமிழிலே வாக்கியம் அமைத்தற்கு ஒருவர் பட்ட பாடு அவ்வீட்டோடு தொடர்புடையது என்பதைத் தம்முடன் வரும் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பாராக. கட்டியவர் எவராயினும், அவ்வீட்டைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கும் உண்டு. கடமையும் உண்டு.